புதுப்பித்தபின் லினக்ஸ் எழவில்லை: எந்த வழியில் மீட்பது?

புதுப்பிப்பு முடிந்து கணினியை மறுபடி இயக்கினால் வழக்கமான திரை வரவில்லை. கறுப்புத் திரையில் ஒற்றை வரிப் பிழைச் செய்தி மட்டும் நிற்கிறது. இந்த நிலையில் முன்னே இருக்கும் வழிகள் பல. இயக்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலான கிரப்பின் கட்டளை வரியில் கையால் எழுப்பலாம். வேறொரு பூட்லோடரை யூஎஸ்பியிலிருந்து இயக்கலாம். நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் உள்ள லைவ் யூஎஸ்பியிலிருந்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக உங்கள் இயக்குதளத்துக்குள் நுழைந்து கிரப்பை மறுபடி நிறுவலாம். பூட் ரிப்பேர் போன்ற தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கலாம். முன்பு எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் என்ற நிலைப்பதிவுக்குத் திரும்பலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இயக்குதளத்தையே புதிதாக நிறுவவும் செய்யலாம்.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. எதை முதலில் முயல்வது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்பதற்கு விடை உண்டு. வட்டில் எதையும் எழுதாமல் கணினியை ஒருமுறை எழுப்பிவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். எழுந்துவிட்டால், பழுதை உங்கள் சொந்த இயக்குதளத்துக்குள் இருந்துகொண்டே சரிசெய்யலாம். பூட்டு கெட்டுப்போன வீட்டுக்குள் மாற்றுக் கதவு வழியாகப் போய், உள்ளிருந்து பூட்டைக் கழற்றி மாட்டுவதைப் போன்றது இது. பலர் எடுத்த எடுப்பிலேயே மிகக் கடுமையான வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதுப்பிப்பு கெடுத்தது வட்டின் ஒரு சிறு பகுதியைத்தான். அவசரத்தில் செய்யும் மீட்பு முயற்சி கெடுப்பது சில வேளைகளில் முழு வட்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூட்லோடர் தோற்றதால் உங்கள் கோப்புகள் போய்விடவில்லை. ஆவணங்கள், படங்கள், அமைப்புகள் எல்லாம் அதே பகிர்வில் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் பாதையில் ஒரு கண்ணி மட்டுமே அறுந்திருக்கிறது. இந்த நம்பிக்கையோடு நிதானமாகத் தொடங்கினால் தவறான முடிவுகள் பாதியாகக் குறையும்.

எந்தக் கண்ணி அறுந்தது?

இன்று பரவலான யூஇஎஃப்ஐ முறையில் கணினி எழும் வரிசை இது. முதலில் தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்ற நிரல் விழிக்கிறது. தன் நினைவகத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து, எழுப்பும் நிரல்களுக்கென வட்டில் ஒதுக்கிய இஎஃப்ஐ பகிர்விலிருந்து ஒரு நிரலை எடுக்கிறது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கினால் அந்த நிரல் பெரும்பாலும் ஷிம் என்ற இடைநிரல். ஷிம் கையொப்பத்தைச் சரிபார்த்து கிரப்பை அழைக்கிறது. கிரப் தன் அமைப்புக் கோப்பைப் படித்துப் பட்டியலைக் காட்டுகிறது. பிறகு கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பு முறைமையும் நினைவகத்தில் ஏறுகின்றன. இந்தத் தற்காலிக முறைமைதான் இயக்குதளம் இருக்கும் உண்மையான ரூட் பகிர்வைத் தேடி ஏற்றுகிறது. பழைய பயாஸ் முறையில் இஎஃப்ஐ பகிர்வுக்கும் ஷிம்முக்கும் பதிலாக வட்டின் முதல் 512 பைட்டும், அதை அடுத்த இடைவெளியில் கிரப் வைத்திருக்கும் மையப் படிமமும் இருக்கும்.

எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்தால், கிரப்பின் மையம் எழுந்துவிட்டது, ஆனால் மாட்யூல்கள் எனும் தன் துணை நிரல்களை ஏற்ற முடியவில்லை. வெறும் 'கிரப்' என்று வந்தால் மாட்யூல்கள் கிடைத்துவிட்டன, அமைப்புக் கோப்புதான் கிடைக்கவில்லை. கிரப் பட்டியல் ஒழுங்காக வந்து, கெர்னலைத் தேர்ந்தெடுத்த பிறகு 'கெர்னல் பேனிக்' என்று நின்றால் பூட்லோடருக்கும் பழுதுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் புலம்பினால், பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவே இல்லை என்று பொருள். பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளை வரியில் வந்து விழுந்தால் இனிட்ராம்எஃப்எஸ் எழுந்துவிட்டது, ரூட் பகிர்வைத்தான் காணவில்லை. எதுவுமே வராமல் நேரே ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்கோ வேறு இயக்குதளத்துக்கோ போய்விட்டால், ஃபர்ம்வேரின் பட்டியலில் இருந்த பதிவு அழிந்திருக்கலாம்.

செய்தியை அலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வரியின் சரியான எழுத்துகள் தேவைப்படும். அப்போது அது திரையில் இருக்காது.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். வட்டின் குறிப்பிட்ட பகுதியைப் படிக்க முடியவில்லை என்று கிரப் சொன்னால், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால், புதுப்பிப்பு தற்செயலாக முன்னே வந்து நின்ற ஒன்றாக இருக்கலாம். உண்மையான நோயாளி வட்டு. அப்படியானால் கீழே சொல்லும் எதையும் செய்யாமல், லைவ் யூஎஸ்பியில் எழுப்பி வட்டு தன் நலத்தைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் நிலையைப் பாருங்கள். தரவை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். சாகும் வட்டில் பூட்லோடரை நிறுவுவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

புதுப்பிப்பு ஏன் பூட்லோடரைக் கெடுக்கிறது?

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். எந்த வழி பலிக்கும், எது பலிக்காது என்பது காரணத்தைப் பொறுத்தது.

மிகப் பரவலான காரணம் அரைகுறைப் புதுப்பிப்பு. கிரப் இரண்டு இடங்களில் வாழ்கிறது. மையப் படிமம் வட்டின் தொடக்கத்திலோ இஎஃப்ஐ பகிர்விலோ இருக்கிறது. மாட்யூல்கள் /பூட்/கிரப் கோப்புறையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். தொகுப்பைப் புதுப்பிக்கும்போது மாட்யூல்கள் மாறி, மையப் படிமம் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டால் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. 2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதும் டிஸ்ட்ரோக்கள் எனப்படும் லினக்ஸ் வகைகள் பலவும் கிரப்பை அவசரமாகப் புதுப்பித்தன. உபுண்டு, டெபியன் பயனர்களில் பலர் 'கிரப் காலக்' என்ற குறியீடு கிடைக்கவில்லை என்ற செய்தியுடன் ரெஸ்க்யூ திரையில் நின்றார்கள். காரணம் எளிது: டெபியன் குடும்பத்தில், கிரப்பை எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்பது ஓர் அமைப்பாகப் பதிவாகியிருக்கும். வட்டை மாற்றியவர்கள், வேறு வட்டுக்கு நகலெடுத்தவர்கள் ஆகியோரின் கணினியில் அந்தப் பதிவு இல்லாத வட்டையோ தவறான வட்டையோ காட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்த பிழை அது. மாட்யூல்கள் பெரிதாக மாறிய நாளில்தான் வெளியே வந்தது.

அதே நாட்களில் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 8 பதிப்புகளிலும் சென்ட்ஓஎஸ்ஸிலும் நேர்ந்தது வேறு வகை. அங்கே புதிதாக வந்த ஷிம் தொகுப்பிலேயே பழுது இருந்தது. கிரப்பை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் பயன் இல்லை. பழைய பதிப்புக்கு இறங்கினால்தான் எழுந்தது.

2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் இன்னொரு வடிவம். புதிய கிரப் தொகுப்பு உருவாக்கும் அமைப்புக் கோப்பில் ஒரு கட்டளைக்குப் புதிய விருப்பம் சேர்ந்திருந்தது. இஎஃப்ஐ பகிர்வில் இருந்த பழைய கிரப்புக்கு அந்த விருப்பம் தெரியாது. ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குப் போக முடியுமா என்று கேட்ட வரியை, 'உடனே போ' என்று அது எடுத்துக்கொண்டது. கணினி எழுவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் திரைக்கே போய் நின்றது. ஆர்ச்சில் தொகுப்பைப் புதுப்பிப்பது ஒன்று, அதை வட்டில் நிறுவுவது வேறொன்று. இரண்டாவதைப் பயனரே செய்ய வேண்டும். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டவர்ஓஎஸ் பயனர்கள் இதில் மிகவும் சிரமப்பட்டார்கள்.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, அதே கணினியில் இருந்த லினக்ஸை முடக்கியது. பழைய ஷிம், கிரப் பதிப்புகளை ஏற்கக் கூடாது என்ற எஸ்பேட் கொள்கை ஃபர்ம்வேரில் எழுதப்பட்டது. இரண்டு இயக்குதளங்கள் உள்ள கணினிகளுக்கு இது போகக் கூடாது என்பதே திட்டம். ஆனால் சிலவற்றை அது சரியாக அடையாளம் காணவில்லை. ஷிம் எஸ்பேட் சோதனை தோற்றது, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு அவை நின்றன. இங்கே லினக்ஸ் பக்கம் எதுவுமே மாறவில்லை.

மற்ற காரணங்கள் இவ்வளவு பேசப்படுவதில்லை, ஆனால் அடிக்கடி நேர்பவை. /பூட் பகிர்வு நிரம்பி, இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது இடம் போதாமல் நின்றிருக்கும். /பூட் பகிர்வு ஏற்றப்படாமலே கெர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கும். புதிய கெர்னல் ரூட் பகிர்வில் உள்ள வெற்றுக் கோப்புறையில் போய் விழும், எழுவது பழைய கெர்னல், அதன் மாட்யூல்களோ ஏற்கனவே நீக்கப்பட்டவை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் எழும் வரிசை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

எதையும் எழுதாத வழிகள்

இவற்றில் முதலாவது பழைய கெர்னல். கிரப் பட்டியல் வருகிறது என்றால் இதைத்தான் முதலில் முயல வேண்டும். உபுண்டு போன்றவற்றில் பட்டியல் மறைந்திருக்கும். பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையையும் யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையையும் பயன்படுத்தி அதை வரவழைக்கலாம். மேம்பட்ட விருப்பங்களுக்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அது எழுந்துவிட்டால் வட்டு இடத்தைப் பாருங்கள், தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்குங்கள், இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். பத்து நிமிட வேலை. ஆர்ச்சில் பழைய கெர்னலைத் தானாக வைத்துக்கொள்வதில்லை. அங்கே நீண்டகால ஆதரவு பெறும் எல்டிஎஸ் கெர்னலையும் கூடவே நிறுவி வைத்தவர்களுக்கே இந்த வழி திறந்திருக்கும்.

இரண்டாவது, ஃபர்ம்வேரின் பூட் மெனு. தாய்ப்பலகைக்கு ஏற்ப எஃப்12, எஃப்8, எஃப்9 என ஏதோ ஒரு விசையில் இது திறக்கும். டிஸ்ட்ரோவின் பெயர் அங்கே இருந்தால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். லினக்ஸ் எழுந்துவிட்டால் பழுது வரிசையில்தான். இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் வரிசையை மாற்றினால் போதும். பதிவே அழிந்திருந்தாலும் சில ஃபர்ம்வேர்கள், இஎஃப்ஐ பகிர்வில் உள்ள ஷிம் கோப்பை நேரே சுட்டிக்காட்டி எழுப்ப அனுமதிக்கின்றன. இவ்வளவு சிறிய பழுதுக்கு யூஎஸ்பி தேடி அலைபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, கிரப்பின் கட்டளை வரி. இதைப் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. எல்எஸ் கட்டளை வட்டுகளையும் பகிர்வுகளையும் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து /பூட்/கிரப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ரூட், ப்ரிஃபிக்ஸ் என்ற இரண்டு மாறிகளுக்கு அந்த இடத்தைச் செட் கட்டளையால் கொடுத்து, இன்ஸ்மாட் மூலம் நார்மல் மாட்யூலை ஏற்றி, நார்மல் என்று தட்டினால் பட்டியல் வந்துவிடும். முழுக் கிரப் கட்டளை வரியாக இருந்தால் கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் அமைப்புக் கோப்பை நேரே அழைக்கலாம். அதுவும் இல்லையென்றால் லினக்ஸ், இனிட்ஆர்டி, பூட் என்ற மூன்று கட்டளைகளால் கெர்னலைக் கையால் எழுப்பலாம். விசைப்பலகை இங்கே அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த வழியின் எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாட்யூல் இருக்கும் இடம் தெரியாமல் கிரப் நின்றிருந்தால் இது அற்புதமாக வேலை செய்யும். பகிர்வு எண் மாறிப்போன கணினிகளில் இதுதான் சரியான மருந்து. ஆனால் குறியீடு கிடைக்கவில்லை என்ற பிழை வந்திருந்தால், நார்மல் மாட்யூலை ஏற்ற முயலும்போது அதே பிழை மறுபடி வரும். ரெஸ்க்யூ நிலையில் கெர்னலை எழுப்பும் கட்டளையும் கிடையாது. அந்த வகைப் பழுதுக்கு ரெஸ்க்யூ திரையில் ஒரு மணி நேரம் போராடுவது வீண். உடனே அடுத்த வழிக்கு நகருங்கள். செக்யூர் பூட்டோடு வரும் கையொப்பமிட்ட கிரப் படிமங்களில் தேவையான மாட்யூல்கள் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். அதனால் இந்தப் பொருந்தாமை அங்கே அரிது, பயாஸ் கணினிகளிலும் பயனரே கிரப்பை உருவாக்கி நிறுவும் ஆர்ச் போன்றவற்றிலும்தான் அதிகம்.

நான்காவது வழியை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. சூப்பர் கிரப்2 டிஸ்க், ஆர்இஎஃப்இன்ட் போன்றவற்றை யூஎஸ்பியில் எழுதி, அதிலிருந்து எழுப்புவது. இவை இயக்குதளத்தைக் கொண்டு வருவதில்லை. உங்கள் வட்டில் உள்ள கெர்னலைத் தேடிக் கண்டுபிடித்து அதை எழுப்புகின்றன. சொந்தப் பூட்லோடர் முழுவதுமாகக் கெட்டிருந்தாலும் கவலையில்லை. கணினி எழுந்து, வழக்கமான கடவுச்சொல்லோடு உள்ளே நுழைந்து, டெர்மினலைத் திறந்து கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஓட்டினால் வேலை முடிந்தது. சிஎச்ரூட்டில் கையால் செய்ய வேண்டிய பகிர்வு ஏற்றம், என்க்ரிப்ஷன் திறப்பு, வலைத் தொடர்பு எல்லாவற்றையும் கணினி எழும்போதே செய்துவிடுகிறது. தவறு நேர இடமே குறைவு.

இரண்டில் எது? பயாஸ் கணினி என்றால் சூப்பர் கிரப்2 டிஸ்க் மட்டுமே பொருந்தும், ஆர்இஎஃப்இன்ட் யூஇஎஃப்ஐ கணினிக்கானது. ராட் ஸ்மித் உருவாக்கிய ஆர்இஎஃப்இன்ட்டின் திரை எளிது, படங்களோடு வரும். ஆனால் /பூட் தனிப் பகிர்வாக இருந்தால், ரூட் எங்கே என்று அதனால் தானாக ஊகிக்க முடியாமல் போகலாம். விருப்பங்களைக் கையால் சேர்க்க வேண்டி வரும். /பூட் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால் அதனால் கெர்னலைப் பார்க்கவே முடியாது.

சிஎச்ரூட்: வலிமையானது, ஒழுங்கைக் கோருவது

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால் சிஎச்ரூட். லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, உங்கள் ரூட் பகிர்வை ஏற்றி, அதற்குள் நுழைந்து, உங்கள் இயக்குதளத்தின் கருவிகளைக் கொண்டே பழுது பார்ப்பது. பூட்லோடர், கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், தொகுப்பின் பதிப்பு என எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் இதனால் சரிசெய்ய முடியும். ரெட் ஹாட்டில் நேர்ந்தது போல் தொகுப்பிலேயே பழுது என்றால், பழைய பதிப்புக்கு இறங்க இதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் வரிசை தவறினால் இது புதிய பழுதுகளை உண்டாக்கும். லைவ் யூஎஸ்பியை, நிறுவிய இயக்குதளம் எழும் அதே முறையில் எழுப்ப வேண்டும். யூஇஎஃப்ஐ இயக்குதளத்தைச் சரிசெய்ய பயாஸ் முறையில் எழுந்த யூஎஸ்பியால் முடியாது. இஎஃப்ஐ மாறிகள் அங்கே தெரியாது. /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் எந்த முறையில் எழுந்திருக்கிறோம் என்பது தெரியும். பிறகு ரூட் பகிர்வு, தனியாக இருந்தால் /பூட், அதன்பின் இஎஃப்ஐ பகிர்வு, அதன்பின் /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் ஆகியவற்றின் பிணைப்பு. ஆர்ச்-சிஎச்ரூட் கருவி இந்தக் கடைசி வரிசையைத் தானே செய்துவிடும். இஎஃப்ஐ பகிர்வை ஏற்ற மறந்துவிட்டு கிரப்பை நிறுவ முயல்வது மிகப் பரவலான தவறு.

லக்ஸ் என்ற வட்டு என்க்ரிப்ஷன் இருந்தால் முதலில் கிரிப்ட்செட்அப் மூலம் திறக்க வேண்டும். வட்டு இடத்தைத் தொகுதிகளாகப் பிரிக்கும் எல்விஎம் இருந்தால் அந்தத் தொகுதிகளைச் செயல்படுத்த வேண்டும். கோப்பு முறைமை பீட்டிஆர்எஃப்எஸ் என்றால் எந்தத் துணைத்தொகுதி ரூட் என்று தெரிந்து அதை ஏற்ற வேண்டும். விருப்பம் எதுவும் கொடுக்காமல் ஏற்றினால் பல வேளைகளில் உள்ளே இரண்டு மூன்று கோப்புறைகள் மட்டுமே தெரியும். 'என் கோப்பெல்லாம் போய்விட்டதே' என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பதறுகிறார்கள். போகவில்லை, மேல் அடுக்கை ஏற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மருந்து மாறும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவற்றில் கிரப்-இன்ஸ்டால் சரியான கட்டளை. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ கணினிக்கு அது தவறு: கையொப்பமிட்ட கிரப்பின் இடத்தில் கையொப்பமில்லாத ஒன்றை வைத்துவிடும், செக்யூர் பூட் அதை ஏற்காது. அங்கே ஷிம், கிரப் தொகுப்புகளை டிஎன்எஃப் என்ற தொகுப்புக் கருவி மூலம் மறுபடி நிறுவ வேண்டும். ஃபெடோரா 34 முதல் உண்மையான அமைப்புக் கோப்பு /பூட்/கிரப்2 கோப்புறையில்தான். இஎஃப்ஐ பகிர்வில் இருப்பது அதைச் சுட்டும் சிறு கோப்பு. பழைய குறிப்புகளைப் பார்த்து அந்தச் சிறு கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள். வேறு டிஸ்ட்ரோவுக்கு எழுதிய வழிகாட்டியை அப்படியே தட்டுவது, இந்த வேலையில் நான் காணும் தீங்குகளிலெல்லாம் பெரியது.

தானியங்கிக் கருவி

பூட் ரிப்பேர் உபுண்டு குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கருவி. ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் பகிர்வுகளை ஆராய்ந்து, தேவையானதை ஏற்றி, கிரப்பை நிறுவிவிடும். ஒரே வட்டு, ஒரே லினக்ஸ், என்க்ரிப்ஷன் இல்லை என்றால் புதியவர் ஒருவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பல வட்டுகள், பல இயக்குதளங்கள், எல்விஎம், ரெய்டு என்று போகப் போக அதன் ஊகம் தவறும் வாய்ப்பு கூடுகிறது. அது என்ன எழுதியது, எங்கே எழுதியது என்பதைப் பிறகு பிரித்தறிவதும் கடினம். ஆகவே முதலில் அதன் அறிக்கையை மட்டும் உருவாக்கிப் படியுங்கள். எழும் வரிசை, பகிர்வுகள், கிரப் எங்கெங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரே கோப்பில் கிடைக்கும். பழுது நீக்கும் திறனைவிட அந்த அறிக்கைதான் இந்தக் கருவியின் பெரிய மதிப்பு என்பது என் கருத்து. உபுண்டு குடும்பத்துக்கு வெளியே இதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஸ்னாப்ஷாட் நம்பிக்கையும் அதன் ஓட்டையும்

பீட்டிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ஸ்னாப்பர் என்ற ஸ்னாப்ஷாட் கருவியும் உள்ள ஓப்பன்சூசேயில், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்ஷாட் உருவாகிறது. கிரப் பட்டியலிலிருந்தே பழைய ஸ்னாப்ஷாட்டில் எழுந்து, சரியாக இருந்தால் ரோல்பேக் கட்டளை கொடுத்து அதையே நிலையாக்கலாம். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், டிரைவர் ஆகியவற்றால் வந்த பழுதுக்கு இதைவிட அமைதியான தீர்வு இல்லை.

ஆனால் கேள்வி பூட்லோடர் பற்றியது. இஎஃப்ஐ பகிர்வு எஃப்ஏடி வடிவிலானது. அது ஸ்னாப்ஷாட்டுக்குள் வராது. ரூட் பகிர்வு பின்னோக்கிப் போனாலும் இஎஃப்ஐ பகிர்வில் உள்ள கிரப் புதியதாகவே இருக்கும். மாட்யூல்களும் ஸ்னாப்ஷாட்டோடு பின்னோக்கிப் போய்விட்டால், மேலே சொன்ன பொருந்தாமையை நாமே உண்டாக்கியதாகிவிடும். ஓப்பன்சூசே இதை முன்கூட்டியே உணர்ந்து, கிரப் மாட்யூல் கோப்புறைகளைத் தனித் துணைத்தொகுதிகளாக்கி ஸ்னாப்ஷாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கையால் பீட்டிஆர்எஃப்எஸ் அமைத்தவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. அதோடு, பட்டியல் வந்தால்தானே ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். ரெஸ்க்யூ திரையில் நிற்பவருக்கு ஸ்னாப்ஷாட் உடனடி உதவி அல்ல. டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவி இந்த இடத்தில் சற்று முன்னே நிற்கிறது: லைவ் யூஎஸ்பியிலிருந்து இயக்கலாம், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் மீட்கும்போது கிரப்பையும் மறுபடி நிறுவச் சொல்லலாம்.

செக்யூர் பூட்டை அணைப்பது

எஸ்பேட், கையொப்பம், பாதுகாப்புக் கொள்கை மீறல் போன்ற சொற்கள் திரையில் வந்தால் மட்டுமே இது சரியான முதல் படி. ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸை எழுப்பி, ஷிம், கிரப் தொகுப்புகளைப் புதுப்பித்து, பிறகு மறுபடி இயக்க வேண்டும். 2024இல் பாதிக்கப்பட்ட உபுண்டு கணினிகளில், மோக்யூடில் கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்கி ஒருமுறை மறுதொடக்கம் செய்வதும் இடையில் தேவைப்பட்டது. விண்டோஸ் பகிர்வு பிட்லாக்கர் என்க்ரிப்ஷனால் பூட்டப்பட்டிருந்தால், அணைக்கும் முன்பே மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். லினக்ஸை மீட்கப் போய் விண்டோஸைப் பூட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அணைத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள். கையொப்பப் பிழை இல்லாத பழுதுக்கு இதை அணைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இயக்குதளத்தையே மறுபடி நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. /ஹோம் தனிப் பகிர்வாக இருந்து, தரவு வேறிடத்தில் நகலாக இருந்து, நேரம் இல்லை என்றால் அது நியாயமான முடிவு. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

மீண்ட பிறகு: கிரப்பிலேயே இருப்பதா?

கணினி எழுந்ததும் வரும் அடுத்த கேள்வி இது. மாற்றாகப் பலர் சொல்வது சிஸ்டம்டி-பூட். கம்மிபூட் என்ற பெயரில் தொடங்கி 2015இல், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியோடு இணைந்தது. பாப்!ஓஎஸ் இதைப் பயன்படுத்துகிறது; எண்டவர்ஓஎஸ் 2022 டிசம்பர் வெளியீட்டில் இதை இயல்புத் தேர்வாக்கியது. இதன் பலம் எளிமையில் இருக்கிறது. ஒரே நிரல், ரூட் பகிர்விலிருந்து ஏற்றும் மாட்யூல்கள் கிடையாது, அமைப்பு சில வரி உரைக்கோப்பு. மையமும் மாட்யூலும் பொருந்தாமல் போகும் வகைப் பழுதுக்கு இங்கே இடமே இல்லை. எழ முயன்று தோற்ற கெர்னலை எண்ணி வைத்து, குறிப்பிட்ட முறைக்குப் பிறகு பழையதற்குத் தானே திரும்பும் வசதியும் உண்டு.

விலையும் உண்டு. பயாஸ் கணினியில் இது இயங்காது. கெர்னல்கள் இஎஃப்ஐ பகிர்விலோ அதற்கென உள்ள தனி பூட் பகிர்விலோ இருக்க வேண்டும். விண்டோஸ் உருவாக்கிய 100 மெகாபைட் இஎஃப்ஐ பகிர்வு இரண்டு கெர்னலுக்கே போதாமல் போகலாம். /பூட்டையும் என்க்ரிப்ட் செய்திருப்பவர்கள், ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுவதை நம்பியிருப்பவர்கள் கிரப்பிலேயே இருப்பது நல்லது. உபுண்டு, டெபியன், ஃபெடோராவை அதன் இயல்பு அமைப்பிலேயே பயன்படுத்துபவர்களும் மாற வேண்டாம் என்றே சொல்வேன். டிஸ்ட்ரோ சோதித்துப் பார்க்கும் பாதையில் போவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஆர்ச் குடும்பத்தில் யூஇஎஃப்ஐ கணினி, போதுமான இஎஃப்ஐ பகிர்வு, எளிய வட்டு அமைப்பு என்றால் சிஸ்டம்டி-பூட்டுக்கு மாறுவது நல்ல முடிவு. பழுது நடந்த அன்றே மாறாதீர்கள். முதலில் இருந்ததை இருந்தபடி எழுப்புங்கள், சில நாள் ஓடட்டும், பிறகு நிதானமாக மாற்றுங்கள்.

கையெட்டும் தூரத்தில் இல்லாத சர்வர் என்றால் கணக்கே வேறு. கிரப் பட்டியலைக் கண்ணால் பார்க்க முடியாது. சேவை நிறுவனம் தரும் ரெஸ்க்யூ முறையும் சீரியல் கன்சோலும்தான் கைவசம். ரெஸ்க்யூ முறை என்பது தொலைவிலிருந்து செய்யும் சிஎச்ரூட். அங்கே தேர்வு செய்ய வேண்டியது புதுப்பிப்புக்கு முன்புதான்: கிரப்பின் இயல்புத் தேர்வைச் சேமித்ததாக அமைத்து, கிரப்-ரீபூட் கட்டளையால் புதிய கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் முயலச் சொல்லி, பேனிக் ஏற்பட்டால் சில நொடிகளில் மறுதொடக்கம் செய்யும் விருப்பத்தையும் சேர்த்துவிட்டால், புதிய கெர்னல் பேனிக்கில் விழுந்தாலும் சர்வர் பழையதற்குத் தானே திரும்பிவிடும்.

வீட்டுக் கணினிக்கும் முன்னேற்பாடு சிறியதுதான். சூப்பர் கிரப்2 டிஸ்க் எழுதிய யூஎஸ்பி ஒன்று, உங்கள் டிஸ்ட்ரோவின் லைவ் யூஎஸ்பி ஒன்று, பகிர்வுப் பட்டியலையும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் காட்டும் பட்டியலையும் அச்சிட்ட ஒரு தாள். டெபியன், உபுண்டு பயனர்கள் பயாஸ் கணினியில் கிரப்-பிசி தொகுப்பை மறுபடி அமைக்கும் கட்டளையை இன்றே ஓட்டி, எந்த வட்டு தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வட்டை எப்போதாவது மாற்றியிருந்தால், அந்தப் பட்டியலில் பழைய வட்டின் பெயர் இன்னும் இருக்கக்கூடும்.